நாலு வீட்டு அட்டையில் ஒரு தேத்தண்ணிக் கடை

இலங்கை மலைநாட்டில் மூங்கில்கலைத் தோட்டத்தின் மேல்பிரிவு லயத்தில், வரிசை வீடுகளில், எந்தக் காம்பிராவுக்குள் நுழைந்தாலும் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கும். அதில் ஒரு மஞ்சள் அட்டை தொங்கும். சாமி படத்தில் அடுப்புப் புகை படிந்தால் யாரும் கவலைப்படுவதில்லை, அட்டையில் மட்டும் படியவிட மாட்டார்கள். தோட்டத்துக் கூட்டுறவுச் சங்கக்கடையில் அதை நீட்டினால் அரிசி, மாவு, சீனி, பருப்பு, பால் மா, மண்ணெண்ணெய் எல்லாம் கையில் காசில்லாமல் கிடைக்கும். ஒரு வீட்டில் எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்களோ அதற்குத் தக்கபடி அட்டைக்கு ஓர் எல்லை உண்டு. கடையைப் பார்த்துக்கொண்ட அழகுமுத்து, கொடுத்ததை அட்டையில் எழுதிவிடுவார். மாதம் பத்தாம் தேதி சம்பளம் போடும்போது தோட்டத்து ஒப்பீஸ் முதலில் அந்தத் தொகையை வெட்டிக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுக்கும். மிச்சமே இல்லாதவர்களுக்குச் சம்பளத் துண்டு மட்டும் வரும். "இந்த மாசம் நமக்குத் துண்டுதாங்க" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அந்த அட்டையை வைத்து ஒரு கடை திறக்கலாம் என்று அந்தத் தோட்டத்தில் முதலில் நினைத்தவள் மார்கிரட்.

மார்கிரட்டுக்கு அப்போது முப்பத்தாறு வயது. 1979 நவம்பரில் ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது ஈரத்தில் கால் வழுக்கி, கூடையோடு கானுக்குள், தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்குள், விழுந்தாள். வலது முழங்கால் பூசணிக்காய் போல வீங்கியது. தோட்டத்து மருந்தய்யா கட்டுப் போட்டு, தைலம் கொடுத்து, வீட்டில் இருக்கச் சொன்னார். வீக்கம் வடிந்துவிட்டது, வலி வடியவில்லை. மேட்டில் ஏறும்போது பேசாமல் இருக்கும் கால், கூடை நிறைந்து இறங்கும்போது மடங்கும். நிறைக்குத் தேவையான கொழுந்து சேராமல் பல நாள் அரைப் பேரோடு நின்றாள். அரைப் பேருக்கு அரைச் சம்பளம்.

அவள் கணவன் பத்திநாதன் தேயிலை பெக்டரியில் அடுப்புப் பக்கம் வேலை செய்தான். அதிகம் பேசாத மனிதன். ஒரே மகள் தெரேசா தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. மூன்று வயிற்றுக்கு ஒன்றரைச் சம்பளம் போதாது என்பதைக் கணவனும் மனைவியும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. இரவுச் சாப்பாட்டில் பத்திநாதன் இரண்டாவது தடவை சோறு கேட்பதை நிறுத்திவிட்டான்.

தோட்டத்துக்கு வெளியே, அக்கரப்பத்தனை ரோட்டில் பஸ் திரும்புகிற ஒரு வளைவு இருக்கிறது. மூன்று தோட்டத்து ஆட்கள் அங்கேதான் பஸ்ஸுக்கு நிற்பார்கள். அந்தக் குளிரில் நிற்கிறவர்களுக்கு ஒரு தேத்தண்ணி குடிக்க இடம் கிடையாது. ஒருநாள் பஸ் கண்டக்டர், வரிசையில் நின்ற மார்கிரட்டிடம் பாதிச் சிங்களத்திலும் பாதித் தமிழிலும் கேட்டான்: "இங்க ஒரு மனுசருக்குக் கூட பிளேன்டீ போடத் தெரியாதா அக்கே? தேயில எல்லாம் நீங்கதானே பறிக்கிறது?" எல்லாரும் சிரித்தார்கள். மார்கிரட்டும் சிரித்தாள். அன்று முழுவதும் அந்தப் பேச்சு அவளை விடவில்லை.

முதலில் அவள் போனது தலவாக்கலையில் ஒரு பேங்குக்கு. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். அங்கே இருந்த அதிகாரி மரியாதையான மனிதர், உட்காரச் சொன்னார்.

"காணி உறுதி இருக்கா அம்மா?"

"நாங்க லயத்துலங்க ஐயா இருக்கோம். லயம் தோட்டத்துச் சொத்து."

"பிரஜாவுரிமைப் பத்திரம்?"

"எழுதிப் போட்டு வருசம் ஒம்பதாச்சுங்க. இன்னும் வரல."

அவர் பேனாவை மூடினார். "அப்ப யாரு பேருக்கு அம்மா நான் கடன் குடுக்கிறது?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்கு அது தெரியவில்லை. மார்கிரட்டுக்கும் தெரியவில்லை. கும்பிட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

அடுத்த வாரம் பக்கத்துக் காம்பிரா மூக்கன் அவளிடம் வந்து நின்றான். தேயிலைச் செடிகளைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டுகிறவன், கலியாணம் ஆகாதவன், தங்கச்சி வீட்டில் சாப்பிடுகிறவன். வாய் மட்டும் நீளம்.

"அக்கா, மொதலாளியாகப் போறீங்களாம்ல? பேங்குல சேல நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம்?"

"போடா, உனக்கு எல்லாம் தெரிஞ்சிரும்."

"சும்மா சொல்லலக்கா. எங்கிட்ட ஒரு அட்ட இருக்கு. மாசத்துக்கு ஒரு போத்தல் எண்ண, ஒரு சவுக்காரம். மத்தபடி பொண்ணு கெடைக்காத மாப்பிள்ளையாட்டம் சும்மா தொங்குது. எடுத்துக்கங்க. சம்பளத்துக்கு மொத நாளு காசக் குடுத்துருங்க. எனக்கென்ன நட்டம்?"

மார்கிரட் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். விளையாட்டாகச் சொல்கிறானோ என்று நினைத்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து நீட்டிவிட்டான்.

ஓர் அட்டை வந்ததும் மற்றதைக் கேட்க வாய் வந்துவிட்டது. லயத்துக் கோடியில் இருந்த ராசம்மா, புருசன் இல்லாதவள், தானும் மூத்த மகனும் வேலை செய்தார்கள். அவள் ஒரு கேள்விகூடக் கேட்காமல் அட்டையைக் கொடுத்தாள். மூன்றாவதாக வீரம்மா வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. அந்த வீட்டில் செல்லசாமி, வீரம்மா, இரண்டு மகன்கள் என்று நான்கு பேர் பெயர் தோட்டத்து வேலையாட்கள் பதிவேடான செக்ரோலில் இருந்தது. லயத்திலேயே பெரிய அட்டை அவர்களுடையது.

வீரம்மா மார்கிரட்டுக்கு எட்டு வயது மூத்தவள். மார்கிரட் விழுந்த அன்று அவளைக் கானுக்குள்ளிருந்து தூக்கியவளும் அவள்தான். ஆனால் அட்டை என்றதும் முகம் மாறியது.

"அடியே, எங்களுக்கு இந்தியப் பிரஜைன்னு பாஸ்போட்டு வந்து ஆறு வருசமாச்சு. என்னைக்கு இந்தியாவுக்குப் பயணம்னு கடுதாசி வரும்னு தெரியாது. வர்ற நேரத்துல கணக்கு சுத்தமா இருக்கணும்டி."

"ஆறு வருசமா வராதது இந்த மாசம் வந்துருமாக்கா?"

"வந்துட்டா?"

"வந்துட்டா மொத காசு உங்களுக்குத்தான். மாதா மேல சத்தியம்."

செல்லசாமி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "குடு புள்ள. அவ கால்ல விழாத குறையா நொண்டிக்கிட்டு வந்து கேக்குறா. நம்ம பயணமெல்லாம் தோட்டத்துப் பஸ் மாதிரி, வரும்போது பாத்துக்கலாம்."

வீரம்மா அட்டையை ஆணியிலிருந்து எடுத்தாள். கொடுப்பதற்கு முன் முந்தானையால் ஒரு தடவை துடைத்தாள்.

பேச்சு இதுதான். தன் வீட்டு அட்டையோடு சேர்த்து நாலு வீட்டு அட்டையிலும் மார்கிரட் கடைக்குச் சாமான் எடுப்பாள். ஒவ்வொரு மாதமும் ஒன்பதாம் தேதி சாயந்தரம் அந்தந்த வீட்டு அட்டையில் எடுத்ததற்கான காசை அந்தந்த வீட்டில் கொடுத்துவிடுவாள். மறுநாள் சம்பளத்தில் வெட்டினாலும் வீட்டில் காசு இருக்கும்.

அழகுமுத்து சங்கக்கடையில் நாலு அட்டையையும் வாங்கிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மார்கிரட்டு, அட்டையில யாரு பேரு இருக்கோ அவங்க சம்பளத்துலதான் வெட்டுவாங்க. மாவ நீ எடுத்தியா, அவங்க எடுத்தாங்களான்னு ஒப்பீஸ் பாக்காது."

"ஒப்பீஸ் பாக்க வேணாங்கண்ணே. ஒம்பதாம் தேதி நானே பாத்துக்கிறேன்."

கடை 1980 மார்ச் மாதம் திறந்தது. ஏப்ரல் என்று சிலர் சொல்வதுண்டு. பெரிய வெள்ளிக்கு முன்பே அங்கே தேத்தண்ணி குடித்தவர்கள் இருக்கிறார்கள், அதனால் மார்ச் என்பதே சரி. பத்திநாதன் நாலு கம்பு நட்டு, பழைய தகரம் போட்டு, உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு மேசை அடித்தான். காலையில் ரொட்டியும் காரமாக இடித்த கட்டசம்பலும், நாள் முழுக்கத் தேத்தண்ணி. மார்கிரட்டின் ரொட்டி விளிம்பு மொறுமொறுப்பாகவும் நடு மெதுவாகவும் இருக்கும். பஸ் கண்டக்டர் முதல்நாளே நாலு ரொட்டி தின்றுவிட்டு, பஸ்ஸில் இருந்தவர்கள் கத்தும்வரை நின்றான். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், மரக்கறி லொறிக்காரர்கள், ராகலைப் பக்கமிருந்து உறவைப் பார்க்க வருகிறவர்கள், எல்லாரும் காசு கொடுத்துக் குடித்தார்கள்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி மார்கிரட் மூன்று வீட்டுக்கும் நடந்து காசைக் கொடுத்தாள். மூக்கன் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மே மாதமும் அப்படியே. கடைக்காகப் பல நாள் வேலைக்கு லீவு போட்டு வந்தவள், மே மாதத்துக்குப் பிறகு செக்ரோலில் பெயர் கொடுப்பதையே நிறுத்திவிட்டாள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு வந்து, "என்ன மார்கிரட்டு, இனிப் பெரட்டுக்கு வரமாட்டியா?" என்று கேட்டபோது, "வரமாட்டேங்க ஐயா" என்று சொன்னாள். பதினாலு வயதிலிருந்து, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனவள் அவள்.

லயத்து ஆட்கள் கடைக்கு வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். முதலில் ராசம்மாவின் பிள்ளைகள். அட்டை கொடுத்த வீட்டுப் பிள்ளைகளிடம் காசு கேட்பது எப்படி? பலகையில் கரியால் ஒரு கோடு போட்டாள். பிறகு மூக்கன். பிறகு மூக்கனோடு கவ்வாத்து வெட்டுகிறவர்கள். "கணக்குல போடுங்கக்கா, சம்பளத்துக்குத் தந்துருவோம்." அவர்கள் ஏமாற்றுகிறவர்கள் இல்லை. தோட்டத்தில் எல்லாமே அப்படித்தான் நடந்தது. சங்கக்கடையில் அட்டை காட்டிச் சாமான் வாங்குகிறவர்களுக்கு, மார்கிரட் கடையில் கோடு போட்டு ரொட்டி தின்பது அதே வழக்கம்தான். பத்திநாதன் மட்டும் ஒருநாள் பலகையைப் பார்த்துவிட்டு, "கோடு கூடிக்கிட்டே போகுதே" என்றான்.

"கூடினா நல்லதுதானேங்க. கடை நல்லா நடக்குதுன்னு அர்த்தம்."

ஜூலை மாதம் மழை பிடித்தது. முதல் வாரத்தில், கீழே பாலத்துக்குப் பக்கத்தில் மண்மேடு சரிந்து ரோட்டை மூடியது. பஸ் பாலத்தோடு நின்று அங்கேயே திரும்பியது. பயணிகள் பாலத்தடியில் ஏறி இறங்கினார்கள். வளைவில் ஒருவரும் நிற்கவில்லை. அதே மாதம் மாவு விலை ஏறியது. மழையில் கொழுந்து குறைந்து வேலை நாளும் குறைந்தது. கடைக்கு வந்தவர்கள் லயத்து ஆட்கள் மட்டுமே. நனைந்துகொண்டு வருவார்கள், நடுங்கிக்கொண்டு கையைத் தேய்ப்பார்கள், "சூடா ஒண்ணு குடுங்கக்கா" என்பார்கள். பலகையில் இடமில்லாமல் கோடு கம்புக்குத் தாவியது.

ஜூலை ஒன்பதாம் தேதி அவளால் பாதிதான் கொடுக்க முடிந்தது. "மிச்சம் நாளைக்கு, எல்லாரும் சம்பளம் எடுத்த ஒடனே தந்துடுறேங்க" என்றாள். மறுநாள் வசூலானது கொஞ்சம். கடையை நடத்த அடுத்த மாதமும் அதே அட்டைகளில் சாமான் எடுத்தாள். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி ஒன்றுமே கொடுக்க முடியவில்லை. பத்தாம் தேதி அவளே பெரட்டுக் களத்துக்குப் போய், சம்பள மேசைக்கு எதிரே சுவரோரம் நின்றாள்.

ஒவ்வொருவராகச் சம்பளம் வாங்கிவிட்டு அவளிடம் வந்தார்கள். ஒளிந்து போனவர் ஒருவருமில்லை.

"அக்கா, பாருங்க. துண்டு." மூக்கன் வெள்ளைக் காகிதத்தை நீட்டினான். அன்று அவன் வாயில் ஒரு பகிடியும் வரவில்லை.

பிறகு ராசம்மா வந்தாள். "மார்கிரட்டு, எனக்கும் துண்டுதான். ரொட்டிக் காசு எவ்வளவு நிக்குது?"

மார்கிரட் அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தாள். சம்பளம் அவ்வளவும் சங்கக்கடைக்கு வெட்டுப்பட்டிருந்தது. வெட்டியது மாவுக்கும் சீனிக்கும் பால் மாவுக்கும். அந்த மாவையும் சீனியையும் எடுத்தது மார்கிரட். அந்த மாவில் சுட்ட ரொட்டியைத்தான் ராசம்மாவின் பிள்ளைகள் கணக்கில் தின்றிருந்தார்கள். ராசம்மா ரொட்டிக் காசைக் கொடுத்தால்தான் மார்கிரட் அட்டைக் காசைக் கொடுக்க முடியும். மார்கிரட் அட்டைக் காசைக் கொடுத்தால்தான் ராசம்மா ரொட்டிக் காசைக் கொடுக்க முடியும். வெளியிலிருந்து வந்தது பஸ் பயணிகளின் காசு மட்டும். அது நின்ற பிறகு, லயத்துக் கடனை லயத்துச் சம்பளத்தாலேயே அடைக்க அவள் பார்த்திருக்கிறாள்.

அது அவளுக்கு அந்த இடத்தில், சுவரோரம் நின்றபடி விளங்கியது. விளங்கியதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. ராசம்மா பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள்.

"ரொட்டிக் காசு இருக்கட்டுங்கக்கா" என்றாள் மார்கிரட். "நீங்க இந்த மாசம் எப்படிச் சமைப்பீங்க?"

"நீதாண்டி சொல்லணும்" என்றாள் ராசம்மா. கோபமாகச் சொல்லவில்லை.

அதற்கு நாலு நாள் கழித்துச் செல்லசாமிக்குக் கடிதம் வந்தது. செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி பயணம். தலவாக்கலையில் ரயில் ஏறித் தலைமன்னார், அங்கிருந்து கப்பல்.

லயமே அன்று வீரம்மா வாசலில் கூடியது. ஆறு வருடம் காத்திருந்தவர்களுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மார்கிரட் போகவில்லை. அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். சாயந்தரம் வீரம்மாவே வந்தாள்.

"ஒப்பீசுக்குப் போனோம். றோலண்ட் கிளாக்கரு பேரேட்டப் பாத்தாரு. தோட்டத்துக்குக் கடன் இல்லேன்னு காயிதம் குடுக்கணுமாம். சம்பளத்துல வெட்டுனது போக எங்க அட்டையில நிக்கிறத ரொக்கமாக் கட்டினாச் சரி, இல்லாட்டி வேல விட்டுப் போறப்ப மனுசனுக்குக் குடுக்கிற சர்வீஸ் காசுல வெட்டுவாங்களாம்."

மார்கிரட் அடுப்புச் சாம்பலைக் கிளறினாள்.

"முப்பத்தஞ்சு வருசம்டி. அவரு பன்னண்டு வயசுல பேரு குடுத்தவரு. அந்தக் காசுல அங்க போயி ஒரு குடிசையாவது போடணும். எங்களுக்கு அங்க ஒரு நாதி கெடையாது."

"கட்டிருவேங்கக்கா."

"எப்படி?"

"கட்டிருவேன்."

மறுநாளிலிருந்து அவள் செய்யாததில்லை. வீடு வீடாகப் போய் ரொட்டிக் காசு கேட்டாள். ஒருத்தி ஒரு சேவலைப் பிடித்துக் கொடுத்தாள். ஒருவர் ஒரு பீர்க்கங்காயும் மன்னிப்பும் கொடுத்தார். சில்லறையாகக் கிடைத்ததைத் துணியில் முடிந்தாள். காதில் கிடந்த தோடு மே மாதமே கடைக்குத் தண்ணி கொதிக்கவைக்கப் பெரிய கேத்தல் வாங்க அடகுக்குப் போயிருந்தது. மிச்சமிருந்த சீனி மூட்டையைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று சங்கக்கடைக்குத் தூக்கிப்போனாள். அழகுமுத்து கையை விரித்தார்.

"பிரிச்ச மூட்டைய நான் எப்படிம்மா திருப்பி எடுக்கிறது? எனக்கும் மேல ஆளு இருக்குல்ல?"

"வேற வழி இல்லீங்களாண்ணே?"

"நான் அன்னைக்கே சொன்னேன்." சொன்னபிறகு அவருக்கே மனசு கேட்கவில்லை. மூட்டையைத் தூக்கி அவள் தலையில் வைக்க உதவினார்.

தோட்டத்துச் சின்னத் தொரையைப் பார்க்கலாம் என்று ஒப்பீசுக்கும் போனாள். அவரிடம் போகுமுன் றோலண்ட் கிளாக்கர் தடுத்தார். "மார்கிரட்டு, நீ இப்ப செக்ரோல்ல இல்ல. எந்தப் பேருல உள்ள அனுப்புறது?" அவள் திரும்பி நடந்தாள். பேங்கில் கேட்டதும் இதே கேள்விதான் என்று வழியில் நினைத்துக்கொண்டாள்.

செப்டம்பர் மூன்றாம் வாரம் மூக்கன் ஒரு யோசனை சொன்னான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தன் அட்டைக் கடனைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்டவனில்லை.

"அக்கா, கீழ்லயத்துல அந்தோனியம்மா இருக்காங்கள்ல? உங்க மாதா கோயிலு ஆளு. நாலு பேரு வேல செய்ற வீடு. அந்த அட்டையில பால் மா டின்னா எடுங்க. பட்டணத்து மொதலாளி காசுக்கு வாங்குவாரு. அதக் கொண்டாந்து இதக் கட்டிருங்க."

"அப்ப அந்தோனியம்மாவுக்கு?"

"அத அப்புறம் பாப்போம்க்கா. பயணம் போறவங்க நிக்க மாட்டாங்க. அந்தோனியம்மா இங்கதான இருக்கப் போறாங்க."

இரண்டு நாள் அவள் அதைச் செய்யவில்லை. மூன்றாம் நாள் செய்தாள். பத்திநாதனிடம் கேட்டபோது அவன், "வேற என்ன செய்ய?" என்றான். அது சம்மதமா மறுப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தோனியம்மா வயதானவள், மார்கிரட்டின் ஞானஸ்நானத் தாய்க்குத் தங்கை முறை. "ஒனக்கு இல்லாததா?" என்று அட்டையைக் கொடுத்தாள். ராசம்மாவைப் போலவே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மார்கிரட்டுக்கு அதுதான் தாங்கவில்லை. ஒரு கேள்வி கேட்டிருந்தால் திரும்பிப் போயிருப்பாள்.

அக்கரப்பத்தனைப் பட்டணத்து முதலாளி டின்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். தோட்டத்து அட்டையில் வந்த சாமான் என்று அவருக்குத் தெரியும். எப்போதும் யாராவது கொண்டுவருவார்கள்.

"மூணுல ரெண்டு பங்கு விலைதான் தருவேன்."

"கடை வில என்னன்னு உங்களுக்குத் தெரியுங்களே மொதலாளி."

"கடை விலைக்கு வேணும்னா கடையில நானே வாங்கிக்குவேனே. விருப்பம் இல்லாட்டி கொண்டுபோ."

மழை தூறிக்கொண்டிருந்தது. முழங்கால் விண்விண்ணென்று வலித்தது. டின்களைத் திருப்பித் தூக்கிக்கொண்டு மலையேற அவளால் முடியாது. காசை வாங்கிக்கொண்டாள்.

அந்தக் காசும் வசூலித்த சில்லறையும் சேர்ந்து வீரம்மா அட்டைக் கடனில் பாதியைச் சற்றுத் தாண்டியது. அவ்வளவுதான். இருபத்தைந்தாம் தேதி சாயந்தரம் கொண்டுபோய்க் கொடுத்தாள். வீட்டில் சட்டி பானையெல்லாம் சாக்கில் கட்டியிருந்தது. ஆணியில் அட்டை இல்லை, ஒப்பீஸ் வாங்கிக்கொண்டுவிட்டது.

வீரம்மா காசை எண்ணவில்லை. "ஏது?" என்று கேட்டாள்.

மார்கிரட் கட்டிவைத்த சாக்குகளைப் பார்த்தாள்.

"ஏதுடி?"

"அந்தோனியம்மா சித்தி அட்டையிலங்க."

வீரம்மா சட்டென்று காசை நீட்டினாள், திருப்பிக் கொடுப்பதுபோல. கை பாதியில் நின்றது. பிறகு அந்தக் கை திரும்பிப் போய்க் காசை இடுப்பில் செருகிக்கொண்டது. அவள் மார்கிரட்டின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் வாங்கிக்கத்தாண்டி வேணும்" என்றாள். "வாங்கிக்காம இருக்க எனக்கு வழி இல்ல."

"மிச்சத்த அனுப்பி வைக்கிறேங்கக்கா. வெலாசம் குடுங்க."

செல்லசாமி திண்ணமான மனிதர், எதற்கும் சிரிக்கிறவர். அன்றும் சிரித்தார். "வெலாசமா? அங்க எங்க எறக்கி விடுறாங்களோ அதுதாம்மா வெலாசம். அது எங்களுக்கே இன்னும் தெரியாது."

மறுநாள் மிச்சத் தொகை அவருடைய சர்வீஸ் காசில் வெட்டப்பட்டது. றோலண்ட் கிளாக்கர் காயிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இருபத்தெட்டாம் தேதி காலை லொறி வந்தது. சரிந்த மண்ணை லொறி போகுமளவுக்கு அள்ளியிருந்தார்கள். பஸ் இன்னும் மேலே வரவில்லை. செல்லசாமி குடும்பத்தோடு, கீழ்லயத்திலிருந்து இன்னொரு குடும்பமும் போனது. லயத்து ஆட்கள் அத்தனை பேரும் ரோட்டு வளைவுவரை நடந்து வந்தார்கள். மார்கிரட் அன்று விடியலுக்கு முன்பே எழுந்து ரொட்டி சுட்டு வாழையிலையில் கட்டி வைத்திருந்தாள். லொறி வளைவில் நின்றபோது நொண்டிக்கொண்டு போய் நீட்டினாள். வீரம்மா மேலேயிருந்து குனிந்து வாங்கினாள்.

"சூடா இருக்கு" என்றாள். லொறி புறப்பட்டதும் ஒப்பாரி வைத்து அழத் தொடங்கினாள். கீழே நின்றவர்களும் அழுதார்கள். மார்கிரட் மட்டும் அழவில்லை. அழ உரிமை இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

லொறியின் சத்தம் பாலத்துக்கு அப்பால் மறைந்தது. பனி இறங்கிக்கொண்டிருந்தது. அழுது களைத்தவர்கள் உடனே லயத்துக்குத் திரும்ப மனமில்லாமல், ஒவ்வொருவராகக் கடைத் தகரத்துக்குக் கீழே வந்து ஒண்டினார்கள். ராசம்மா வந்தாள், அந்தோனியம்மா வந்தாள், கவ்வாத்துக்காரர்கள் வந்தார்கள். மூக்கன் மூக்கைச் சிந்திவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"ஒரு தேத்தண்ணி குடுங்கக்கா. நெஞ்சு அடைக்குது."

"எனக்கும் ஒண்ணு மார்கிரட்டு."

"எல்லாத்துக்கும் போடுங்க. சம்பளத்துக்குத் தந்துருவோம்."

மார்கிரட் அடுப்பைப் பார்த்தாள். இரவு வேலை முடிந்து வந்திருந்த பத்திநாதன் அவள் காதருகே வந்து மெல்லச் சொன்னான்: "இன்னைக்காவது காசு கேளேன்."

"அழுதுட்டு வந்து நிக்கிறவங்ககிட்ட என்னன்னு கேக்குறது?"

அவன் அடுப்பருகே குனிந்தான். விறகை உள்ளே தள்ளி ஊதினான். மார்கிரட் வரிசையாகக் கிளாசைக் கழுவி வைத்து ஊற்றினாள். குளிர்ந்த கைகள் ஒவ்வொன்றாக நீண்டன. கம்பில் கோடு போட இடம் தேடி, அடியில் குனிந்து போட்டாள். பாதிப் பேருக்குக் கொடுப்பதற்குள் பால் மா தீர்ந்துவிட்டது. டின்னை இரண்டு தடவை தட்டிப் பார்த்தாள்.

"இருங்க, இதோ வந்துடுறேன்" என்றாள்.

பலகை இடுக்கிலிருந்து அந்தோனியம்மாவின் அட்டையை எடுத்தாள். அட்டைக்காரி பெஞ்சில் உட்கார்ந்து கிளாசை இரு கையாலும் பிடித்தபடி அவளைப் பார்த்துத் தலையசைத்தாள், போய்ட்டு வா என்பதுபோல. மார்கிரட் அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு, வலிக்கிற காலை முன்னால் வைத்து, சங்கக்கடைக்குப் போகும் இறக்கத்தில் இறங்கினாள்.